கொக்கி விழுங்கிய கேமரா

"வந்துச்சா?"

குளியலறைக் கதவில் காதை வைத்துக்கொண்டு மாமியார் கேட்டாள். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"உன்னைத்தான் கேக்குறேன்... வந்துச்சா, இல்லையா?"

"இல்லம்மா!" உள்ளிருந்து வந்த குரலில் எரிச்சலைவிட அழுகை அதிகம். "வந்தா நானே ஊரைக் கூட்டிச் சொல்றேன். கொஞ்சம் தள்ளிப் போறியா?"

அது ஒன்பதாவது காலை. நான்கு பேர் குடியிருக்கும் அந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு ஒரே ஒரு குளியலறை. டைல்ஸ் ஒட்டும் வேலைக்குக் கிளம்ப வேண்டிய மகன், தோளில் துண்டோடு சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். மருமகள் கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றாள். ஏழே முக்கால் பஸ்ஸை விட்டால் அவளுக்கு அடுத்தது எட்டரைக்குத்தான். ஆனாலும் ஒருவருக்கும் கதவைத் தட்ட மனம் வரவில்லை.

உள்ளே இருந்தவள் அந்த வீட்டின் கடைக்குட்டி. சின்ன வயதில் அண்ணனின் சட்டையில் ஒரு விரலை மாட்டிக்கொண்டு, அவன் போகிற இடமெல்லாம் தொங்கிக்கொண்டே போவாள். அப்போது விழுந்த பெயர் கொக்கி. பெயர் வைத்த நேரமோ என்னவோ, வளர்ந்து அவள் போய்ச் சேர்ந்த வேலையும் கொக்கியோடுதான். அடுக்குமாடிக் கட்டடங்கள் எழும்பும் இடங்களில், வானத்தை முட்டி நிற்கும் கிரேனின் கொக்கியில் பாரத்தை மாட்டிவிட்டு, மேலே கூண்டில் இருப்பவருக்குக் கையால் சைகை காட்டுவாள். ஏழு வருடம் கீழே நின்று மேலே பார்த்தவளுக்கு, இந்த வருடம்தான் கூண்டில் உட்கார்ந்து கிரேனை இயக்க வாய்ப்பு வந்திருந்தது. பதினெட்டாம் தேதிக்குள் உடல்தகுதிச் சான்றிதழ் கொடுக்க வேண்டும்.

அங்கேதான் சிக்கல். மூன்று வருடமாக அவளுக்குக் க்ரோன்ஸ் நோய். குடலில் புண் வரும், வீங்கும், ஆறும், மறுபடி வரும். சிறுகுடலின் நிலைமையைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பார்ப்பதற்கு அவர் கொடுத்ததுதான் அந்த மாத்திரை. பெருவிரல் நுனி அளவுதான் இருக்கும். அதற்குள் ஒரு கேமரா, குட்டி விளக்கு, பேட்டரி. விழுங்கிவிட்டால் போகிற வழியெல்லாம் படம் எடுத்து, இடுப்புப் பட்டையில் கட்டிய பெட்டிக்கு அனுப்பும். ஒன்றிரண்டு நாளில் தானாக வெளியே வந்துவிடும். வர வேண்டும்.

"எல்லாரும் கேமராவைப் பாத்துச் சிரிப்பாங்க. இவ என்னடான்னா கேமராவையே முழுங்கிட்டு அழறா" என்று முதல் நாள் சிரித்த மாமியாருக்கு, ஒன்பதாம் நாள் சிரிப்பு வரவில்லை. கோபத்தை யார் மேலாவது காட்ட வேண்டுமே! திரும்பினாள்.

"பஸ்ல விட்டுட்டுப் போன பல்செட்டுக்கே சொந்தக்காரனைத் தேடிப் புடிக்கிறவ நீ... ஒரு மாத்திரை எங்க நிக்குதுன்னு உனக்குச் சொல்லத் தெரியலையா?"

மருமகளுக்குப் பஸ் நிலையத்தில் தொலைந்த பொருள் பிரிவில் வேலை. ஒற்றைச் செருப்பு, குடை, பூட்டிய பெட்டி, பாதி பின்னிய ஸ்வெட்டர் என்று எது வந்தாலும், இது யாருடையது, ஏன் விட்டுப் போனார் என்று யோசித்துக்கொண்டே இருப்பாள். வீட்டிலும் அதே புத்திதான். ஏன், எப்படி, எதற்கு என்று அவள் கேட்காத நாள் இல்லை. கல்யாணமான முதல் மாதமே மாமியார் அவளுக்குக் 'கேள்விக்குறி' என்று பெயர் வைத்துவிட்டாள்.

"எக்ஸ்ரே எடுத்தாத் தெரியும் அத்தை. டாக்டர் ரெண்டு வாரம் பாக்கலாம்னு..."

"ரெண்டு வாரம்! வயித்துல கேமராவை வச்சுக்கிட்டு ரெண்டு வாரம்!"

கதவு திறந்தது. கொக்கி வெளியே வந்தாள். முகம் வெளிறியிருந்தது. கையில், ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய பிளாஸ்டிக் சல்லடை, கழுவித் துடைத்தது. அம்மாவையும் அண்ணனையும் கடந்து போகும்போது அண்ணியின் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அண்ணி ஒருத்திக்குத்தான் தெரியும்.

மூன்றாம் தேதி நடந்தது அது.

மருத்துவரின் மேசையில் ரப்பரால் செய்த ஒரு குடல் பொம்மை இருந்தது. மருமகள் உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேள்விகள். உள்ளே இருட்டாக இருக்குமே, வெளிச்சத்துக்கு என்ன வழி? படம் எப்படி வெளியே வருகிறது? செரிமானத்தில் அதுவும் கரைந்துவிடாதா? மருத்துவர் சலித்துக்கொள்ளவில்லை. சொல்லப்போனால் அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது.

"சரி டாக்டர்... அது போற வழியில எங்கயாவது நின்னுட்டா?"

"அதுதான் கேட்க வேண்டிய கேள்வி" என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்த நோய்ல புண் ஆறுற இடத்துல தழும்பு இறுகி, வழி குறுகிப்போறது உண்டு. கேமரா மாத்திரை வளையாது, கரையாது. குறுகின இடத்துல போய் நின்னுடும். மத்தவங்களைவிட இவங்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். அதனால சந்தேகம் இருந்தா, முதல்ல அதே அளவுல ஒரு வெறும் மாத்திரை குடுப்போம். வழியில மாட்டிக்கிட்டா ரெண்டு நாள்ல அதுவாக் கரைஞ்சிடும். முழுசா வந்துட்டா, வழி இருக்குன்னு அர்த்தம்."

"அப்ப அதையே முதல்ல குடுத்துடுங்களேன்!"

"குடுக்கலாம். ஆனா இப்ப கையிருப்பு இல்ல. வரவழைச்சுக் குடுத்து, பாத்து, அப்புறம் இதுக்கு வேற தேதி போடணும். மூணு வாரம் ஆயிடும்." அவர் கொக்கியைப் பார்த்தார். "சாப்பிட்டதும் வயித்தை முறுக்கிப் பிடிக்குதா? உப்பிக்குதா? வாந்தி?"

"இல்ல டாக்டர்."

மருமகள் திடுக்கிட்டுத் திரும்பினாள். போன மாதம் மட்டும் மூன்று முறை, குளியலறையில் குனிந்து நின்ற கொக்கியின் நெற்றியைத் தாங்கிப் பிடித்தது அவள் கைதான்.

எடை பார்க்க வரச்சொல்லி நர்ஸ் கூப்பிட்டாள். அறைக்கு வெளியே நடைவழியில் கொக்கி அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சொல்லிடாதீங்க அண்ணி..."

"பைத்தியமா உனக்கு? அவர் சொன்னதைக் கேட்டியா இல்லையா?"

"கேட்டேன். மூணு வாரம்னு சொன்னதையும் கேட்டேன். பதினெட்டாம் தேதி போச்சுன்னா என் இடம் அடுத்த ஆளுக்குப் போயிடும். ஏழு வருஷம் அண்ணி... மழையில, வெயில்ல, அண்ணாந்து பாத்துப் பாத்து என் கழுத்தே வளைஞ்சு போச்சு. ஒரு தடவை... ஒரே ஒரு தடவை மேல உக்காந்து கீழ பாக்கணும் எனக்கு. வாந்தி எப்பவோ ஒரு தடவைதானே? உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன்..."

"எழுந்திரு! என்ன இது..." 

கொக்கி எடை பார்க்கப் போனாள். மருமகள் அறைக்குத் திரும்பியதும், தாளில் எழுதிக்கொண்டிருந்த மருத்துவர் தலை நிமிராமல் கேட்டார். "நீங்க கூடவே இருக்கீங்க. சில பேர் வேலைக்காக மறைப்பாங்க. வாந்தி, வலி எதுவும் உண்டா?"

அந்த அறையில் அத்தனை கேள்வி கேட்டவளுக்கு, அந்த ஒரு கேள்விக்குப் பதில் தொண்டையில் நின்றது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால், எடைக்கருவி மேல் ஏறி நின்று கொக்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல டாக்டர்" என்றாள்.

அந்த இரண்டு சொல்தான் ஒன்பது நாளாக அவளைத் தூங்கவிடவில்லை.

பன்னிரண்டாம் நாள், பதினைந்தாம் தேதி, விடிகிற நேரத்தில் கொக்கி குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தாள். வயிறு மத்தளம் போல் உப்பியிருந்தது. குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை. அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினான். பின்னாலேயே மாமியார். மருமகள் வீட்டைப் பூட்டிவிட்டு, பழைய மருத்துவத் தாள்களைத் தேடி எடுத்துக்கொண்டு போய்ச் சேர அரைமணி நேரமாயிற்று.

அந்த அரைமணியில் எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி, மகனுக்கும் தாய்க்கும் காட்டியிருந்தார். எலும்புகளின் சாம்பல் நிழலுக்கு நடுவே, வலது அடிவயிற்றில், பளிச்சென்று ஒரு வெள்ளை உருண்டை. உள்ளே கம்பிச்சுருள்கூடத் தெரிந்தது. மாமியார் அந்தப் பதற்றத்திலும் கிட்டப் போய்ப் பார்த்தாள். "இதுவா? இத்துனூண்டா?" என்றாள்.

"சிறுகுடல் முடியிற இடம் இது. அங்க வழி சுருங்கியிருக்கு. அதுக்கு மேல போக முடியாம நிக்குது. உள்ள உலோகம் இருக்கிறதால எம்.ஆர்.ஐ. எடுக்கவே கூடாது. வீக்கம் வடிய ஊசி மருந்து போடுறோம். வடிஞ்சா தானா நகரலாம். இல்லைன்னா நீளமான குழாய் விட்டு எடுக்கப் பாப்போம். அதுவும் முடியலைன்னா, வயித்தைத் திறக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, வருத்தத்தோடு சொன்னார்: "ஒரு மாசமா வாந்தி இருந்திருக்குன்னு இப்ப சொல்றாங்க. தெரிஞ்சிருந்தா நான் இதைக் குடுத்திருக்கவே மாட்டேன். உங்க வீட்டுக்காரம்மாகிட்ட தனியாவே கேட்டேனே... அவங்களும் இல்லைன்னுதானே சொன்னாங்க?"

மருமகள் தாள்களோடு வார்டுக்குள் நுழைந்தபோது, மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தெரிஞ்சே மறைச்சியாடி?"

"அத்தை..."

"வாந்தி எடுத்தது தெரியுமா, தெரியாதா? அதைச் சொல்லு முதல்ல!"

"...தெரியும்."

"கேட்டியாடா? கேட்டியா உன் பொண்டாட்டி சொல்றதை?" மாமியாரின் குரல் வார்டு முழுதும் எதிரொலித்தது. "ஒரு நாளைக்கு ஆயிரம் கேள்வி கேக்குற வாய்க்கு, டாக்டர் கேட்ட ஒத்தைக் கேள்விக்கு உண்மை சொல்ல வரல! ஏன் வரல? எனக்குத் தெரியும் ஏன்னு... கிரேன் வேலை கிடைச்சா கம்பெனியே வெளியூர்ல தங்க இடம் குடுக்கும். நாத்தனார் ஒழிஞ்சா வீடு உனக்கு. அதுக்குத்தானே 'பதினெட்டுக்குள்ள முடிச்சிடலாம், பதினெட்டுக்குள்ள முடிச்சிடலாம்'னு அவகிட்ட சொல்லிட்டிருந்த? நான் காதால கேட்டேன்!"

கொக்கியைத் தைரியப்படுத்தச் சொன்ன வார்த்தை அது. அதற்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்க முடியுமா?

அண்ணன் படுக்கைப் பக்கம் குனிந்தான். மூக்கில் குழாயும் கையில் ஊசியுமாகக் கிடந்தாள் தங்கை. "அண்ணிதான் சொல்ல வேணாம்னு சொன்னாளா? சொல்லு."

கொக்கி அண்ணனைப் பார்த்தாள். அவன் கண்கள் சிவந்திருந்தன. தன்னால்தான் இது என்று தெரிந்தால் அந்தக் கண்கள் எப்படி மாறும் என்று நினைத்தாளோ என்னவோ... மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். அதையே அவன் பதிலாக எடுத்துக்கொண்டான்.

'சுவத்தைப் பாக்காதே... ஒரு வார்த்தை சொல்லேன்டி' என்று மருமகளின் நெஞ்சு கூவியது. ஊசி குத்திய அந்தக் கையைப் பார்த்ததும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. வலியில் கிடப்பவள் மேல் இதையும் ஏற்றுவதா?

"நீ... கொஞ்ச நாள் உன் அக்கா வீட்டுல இரு" என்றான் கணவன். அவன் அவளைப் பார்க்கவில்லை. தரை டைல்ஸின் இணைப்புக் கோட்டைப் பார்த்துச் சொன்னான்.

"இங்க யாரு பாத்துக்குவா? அவளுக்குக் குழைய வேகவச்சு, வடிகட்டி..."

"பாத்துக்கிட்டது போதும்!" என்றாள் மாமியார்.

மருத்துவத் தாள்களைத் தேதிவாரியாக அடுக்கி, படுக்கை ஓரத்து அலமாரியில் வைத்தாள் மருமகள். எந்தத் தாள் எதற்கு என்று நர்ஸிடம் சொன்னாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். படிக்கட்டின் முதல் வளைவு வரும்வரை அவள் அழவில்லை.

அக்கா வீட்டில் அக்கா கொதித்தாள். "தலைமை ஆபீஸுக்கு மேற்பார்வையாளரா வரச்சொல்லி ரெண்டு தடவை ஆர்டர் வந்துச்சே. ரெண்டு தடவையும் வேணாம்னு எழுதிக் குடுத்தியே... யாருக்காகடி? அந்த நாத்தனாருக்குச் சமைச்சுப் போட ஆளில்லைன்னுதானே? உன் வீட்டுக்காரருக்காவது அது தெரியுமா?"

"அவர் கேக்கல. நான் சொல்லல."

"நான் போய்ச் சொல்றேன். வாந்தியை மறைச்சது யாருன்னும் சேர்த்துச் சொல்றேன்."

"அக்கா, வேணாம்! அவ வயித்துல கேமரா நிக்குது. இப்ப அவளை எல்லாருமாச் சேர்ந்து கரிச்சுக் கொட்டினா, அவ தாங்குவாளா? அதோட... டாக்டர்கிட்ட பொய் சொன்னது நான். அது என் வாய்தானே?"

பதினெட்டாம் தேதி வந்தது, போனது. அன்றைக்கு மருமகள் காலையிலிருந்து குடைகளுக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டே இருந்தாள்.

ஆனால் தினமும் இரண்டு முறை வார்டுக்குப் போன் செய்தாள். "நான் அண்ணி பேசுறேன். நகர்ந்துச்சா?" மூன்றாம் நாளுக்குப் பிறகு நர்ஸ் முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள்: "வீக்கம் குறைஞ்சிருக்கு. வலி இல்ல. ஆனா அது மட்டும் நின்ன இடத்துலயே நிக்குதும்மா." ஒரு நாள் அந்த நர்ஸே கேட்டாள், "இவ்வளவு விசாரிக்கிறீங்க... நேர்ல வரக்கூடாதா?" மருமகள், "இங்க லீவு கிடைக்கல" என்றாள்.

ஒரு வாரம் ஆயிற்று. இருபத்திரண்டாம் தேதி மத்தியானம், கவுண்டர் ஜன்னலில் வரிசை நீண்டிருந்தது. மருமகள் பதிவேட்டில் எழுதியபடியே, "சொல்லுங்க, எந்த ரூட் பஸ்?" என்று கேட்டாள். பதில் வரவில்லை. நிமிர்ந்தாள்.

மாமியார்.

வரிசையில் ஐந்து பேருக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறாள். நேராக வந்து கூப்பிட்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை போலும். முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"நாளைக்குக் காலையில குழாய் விடுறாங்களாம்... அவ உன்னைத்தான் கேக்குறா."

மருமகள் பக்கத்து இருக்கைக்காரியிடம் ஜன்னலை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தாள். நடைமேடைப் பலகையில் மாமியாரை உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். மாமியார் குடிக்கவில்லை.

"நேத்து எல்லாத்தையும் சொல்லிட்டா. அண்ணன் கையைப் புடிச்சுக்கிட்டு... 'அண்ணி சொல்லலண்ணா, நான்தான் அவங்க காலைத் தொட்டு வாயைக் கட்டினேன்'னு கேவிக் கேவி அழறா. அவன் இடிஞ்சு போய் உக்காந்துட்டான். உன்னை வந்து பாக்க அவனுக்கு முகமில்ல. எனக்கு மட்டும் இருக்கா? இருந்தாலும் வந்துட்டேன்."

"விடுங்க அத்தை."

"விட முடியாது! இன்னும் இருக்கு... நான் முழுசாச் சொல்லிடுறேன்." மாமியார் எதிரே கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸைப் பார்த்தபடி சொன்னாள். "எனக்கும் தெரியும்."

"எது அத்தை?"

"அவ வாந்தி எடுத்தது. ஒத்தைக் குளியலறை வீட்டுல எனக்குத் தெரியாம இருக்குமா? தண்ணியைத் திறந்துவிட்டுட்டு எடுப்பா. அந்தச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். நான் டி.வி. சத்தத்தைக் கூட்டி வச்சுக்குவேன்."

"ஏன் அத்தை... அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா, ஆமான்னு சொல்லிடுவாளோன்னு பயம்." மாமியாரின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. "மூணு வருஷமா அவ நோயைப் பாத்துப் பாத்து... அந்தக் கிரேன் வேலைன்னதும் அவ முகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு பாரு, அது போயிடக் கூடாதுன்னு நினைச்சேன். டாக்டர் உன் பேரைச் சொன்னதும், அப்பாடா, என் தலைக்கு வரலைன்னு இருந்துச்சு. அதான் அத்தனை கத்து கத்தினேன். உன் மேல இல்லடி... என் மேல இருந்த ஆத்திரத்தை உன் மேல கொட்டினேன். நான் பெத்தவ... நான் கேக்கல. எங்கிருந்தோ வந்த நீ, அவ தலையைத் தாங்கிப் புடிச்ச. உன்னைப் போய்..."

பதினோரு வருடத்தில் முதல் முறையாக அந்த அம்மாள் மருமகளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மருமகளுக்கு வெட்கமாகவும் இருந்தது, விலகவும் மனமில்லை.

வார்டில் கொக்கி பாதியாகியிருந்தாள். அண்ணியைக் கண்டதும் உதடு துடித்தது.

"அண்ணா கேட்டப்ப நான் சுவத்தைப் பாத்துப் படுத்துட்டேன் அண்ணி... என்னை அடிங்க... நாலு அறை அறைஞ்சிடுங்க..."

"நாளைக்குக் குழாய் விட்டு எடுத்த பிறகு அறையிறேன். இப்ப அறைஞ்சா டாக்டர் திட்டுவார்" என்றாள் மருமகள். சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. படுக்கையில் சரிந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "நானும்தான் பொய் சொன்னேன்டி. நீ காலைத் தொட்டா என்ன, கழுத்தைப் புடிச்சா என்ன, நான் சொல்லியிருக்கணும். ரெண்டு பேரும் சேர்ந்துதான் அதை முழுங்கினோம்."

சாயங்காலம் அவள் மருத்துவரின் அறைக்குத் தனியாகப் போனாள். "உங்ககிட்ட நான் உண்மை சொல்லல டாக்டர்" என்று தொடங்கினாள். அவர் கையமர்த்தினார்.

"தெரியும். சொல்லியிருக்கணும். ஆனா என் பக்கமும் ஒண்ணு இருக்கு. ஏற்கெனவே இந்த நோய் இருக்கிறவங்க, 'வாந்தி இல்லை'ன்னு சொன்னாலும் வழி குறுகியிருக்கலாம். அன்னைக்கு நீங்க கேட்ட மாதிரி அந்த வெறும் மாத்திரையை முதல்ல குடுத்துப் பாத்திருக்கலாம். அவசரத்துக்கு நானும் இடம் குடுத்துட்டேன். அது நின்ன இடத்தைப் படத்துல பாத்தும், வீக்கம்தான், வடிஞ்சா நகரும்னு ரெண்டு வாரம் விட்டுட்டேன்."

மருமகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அது எடுத்த படத்தை... நான் பாக்கலாமா?"

அவர் திரையைத் திருப்பினார். ஈரமான இளஞ்சிவப்புச் சுரங்கம் ஒன்று விரிந்தது. மெல்லிய பட்டுப் போன்ற சுவர், அதில் பூந்துவாலையின் இழைகளாகக் குத்திட்டு நிற்கும் துளிர்கள். இத்தனை அழகாகவா இருக்கும் உள்ளே! அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். போகப் போகச் சிவந்த திட்டுகள் வந்தன. பிறகு வெள்ளைக் குழிகளாகப் புண்கள், ஒன்றன்பின் ஒன்றாக. கடைசியில், இறுகிய வளையம் போல ஒரு வாய். கேமரா அதன்முன் வந்து நின்றது.

"அப்புறம்?"

"அப்புறம் இதே படம்தான். பேட்டரி தீர்ற வரைக்கும் அஞ்சு மணி நேரம். ஆயிரக்கணக்குல... அதே இடம்."

அவள் அந்த வளையத்தையே பார்த்தாள். ஒவ்வொரு வாய்ச் சோறும் இந்த ஊசித்துளையில் முட்டி மோதித்தான் போயிருக்கிறது. அத்தனையையும் பொறுத்துக்கொண்டு, 'இல்ல டாக்டர்' என்று சொல்லியிருக்கிறாள் அந்தப் பெண். கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகள் எழுந்தாள்.

மறுநாள் காலை இரண்டரை மணி நேரம் அவர்கள் மூவரும் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். மகன் ஒரு ஓரத்தில், தாய் நடுவில், மருமகள் மறு ஓரத்தில். கணவன் இரண்டு முறை வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.

கதவு திறந்தது. மருத்துவரின் முகத்தைப் பார்த்ததுமே மாமியார் அழத் தொடங்கிவிட்டாள்.

"குறுகின இடத்தை பலூனால மெதுவா விரிச்சு, சின்ன வலையைப் போட்டு எடுத்துட்டோம். வயித்தைத் திறக்க வேண்டியதில்ல. மருந்தை மாத்தணும், விடாம சாப்பிடணும். மறுபடி குறுகவும் வாய்ப்பு இருக்கு, அதனால எதையும் மறைக்கக் கூடாது."

மூடி போட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பியில் அது கிடந்தது. மூன்று தலைகளும் குப்பியின் மேல் கவிழ்ந்தன.

"இதுக்கா இத்தனை பாடு!" என்ற மாமியார், குப்பியை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். சட்டென்று சந்தேகம் வந்து, கலைந்த முடியைக் காதோரம் ஒதுக்கிக்கொண்டாள். "ஏன்டா... இது இன்னும் படம் எடுக்குதா?"

நர்ஸ் சிரித்துவிட்டாள். மகனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் முகத்தைக் கைகளில் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

கிரேன் கூண்டுக்கு வேறு ஆள் போயாகிவிட்டது. ஆறு மாதம் கழித்து அடுத்த தேர்வு என்று தகவல் வந்தபோது கொக்கி போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். யாரும் சமாதானம் சொல்லவில்லை. மாமியார் மட்டும் போர்வைக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, "வலிக்குதாடி? எங்க வலிக்குது? சொல்லு, நான் கேக்குறேன்" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாலையில் மாமியாரைக் கொக்கியோடு விட்டுவிட்டுக் கணவனும் மனைவியும் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் வேறு யாருமில்லை.

"வீட்டுக்கு வா" என்றான் அவன். "தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிடு."

"மன்னிக்கிறது இருக்கட்டும். எனக்கு ஒண்ணு தெரியணும்." அவள் குரல் உயரவில்லை. "உங்க தங்கச்சியைக் கேட்டீங்க. டாக்டரைக் கேட்டீங்க. உங்கம்மா சொன்னதையும் கேட்டுக்கிட்டீங்க. என்னைக் கேட்டீங்களா? ஏன்டி அப்படிச் சொன்னேன்னு ஒரு வார்த்தை... திட்டியாவது கேட்டிருக்கலாமில்ல? நான் கேட்டுக்கிட்டே இருக்கிறவ. பதினோரு வருஷத்துல என்னை யாரும் ஒண்ணும் கேட்டதில்லைங்க. 'போ'ன்னு சொன்னதுகூட வலிக்கல. கேக்காம சொன்னீங்களே, அதுதான் இன்னும் வலிக்குது."

அவன் விரலிடுக்கில் காய்ந்திருந்த சிமெண்டைச் சுரண்டினான். பிறகு பலகையில் உட்கார்ந்தான். பக்கத்தில் அவளுக்கு இடம்விட்டு நகர்ந்தான்.

"ஏன்..." தொண்டையைச் செருமினான். "அன்னிக்கு டாக்டர்கிட்ட ஏன் அப்படிச் சொன்ன?"

அவள் அவனைப் பார்த்தாள். கேட்க வேண்டுமே என்று கேட்கிறானா, தெரிந்துகொள்ளக் கேட்கிறானா? அவன் கண் அவள் முகத்தைவிட்டு அகலவில்லை.

அவள் உட்கார்ந்தாள். எடைக்கருவி மேல் நின்ற பெண்ணின் பார்வையிலிருந்து சொல்லத் தொடங்கினாள். பஸ் வந்தது. கதவு திறந்து, ஓட்டுநர் இருவரையும் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டு போய்விட்டார். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், நெற்றியைத் தாங்கிய நாட்களை, தூங்காத ஒன்பது நாட்களை, வேண்டாமென்று எழுதிக் கொடுத்த இரண்டு உத்தரவுகளை. அதைக் கேட்டு அவன் நிமிர்ந்து, "எப்ப? எனக்கு ஏன் தெரியாது?" என்றான். அதையும் சொன்னாள். இரண்டாவது பஸ்ஸும் போயிற்று.

மூன்றாவது பஸ் வந்து நின்றபோது அவள் மூச்சுவாங்க ஒரு கணம் நிறுத்தினாள். அவன் பஸ்ஸின் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்புறம்?" என்றான்.